பக்கத்து வீட்டில் யார்?

அன்புள்ள ஐயா,

எங்கள் கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு உலக வரைபடம் வந்தது. இனவெறி அதிகமுள்ள நாடுகள் சிவப்பு, குறைந்தவை நீலம். இந்தியா நல்ல சிவப்பு. அமெரிக்கா, பிரிட்டன், பிரேசில் எல்லாம் நீலம். மனிதர்களைச் சந்தையில் விற்று வாங்கியவர்கள் நீலம், நாம் சிவப்பா என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. வளைகுடாவில் ஒன்பது வருடம் வேலை பார்த்து, நிறத்துக்காகப் பேச்சு வாங்கியவன் நான். இந்த வரைபடம் உண்மையா? குழுவில் பதில் எழுதலாம் என்றிருக்கிறேன்.

ச., திருச்சி

அன்புள்ள ச.,

அந்த வரைபடம் எனக்கும் வந்தது. 2013இல் வாஷிங்டன் போஸ்ட் இணையதளத்தில் வெளியானது, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எண்கள் வேர்ல்ட் வேல்யூஸ் சர்வே என்ற கணக்கெடுப்பிலிருந்து எடுத்தவை. வீடு வீடாகப் போய் ஒரு பட்டியலைக் காட்டுவார்கள். குடிகாரர்கள், வேறு மதத்தவர், வேறு இனத்தவர் என்று போகும். இவர்களில் யார் பக்கத்து வீட்டுக்கு வருவது உங்களுக்குப் பிடிக்காது என்று கேட்பார்கள். இந்தியாவில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் ‘வேறு இனத்தவர்’ என்று சொல்லியிருந்தார்கள். வரைபடத்தில் பிழையும் உண்டு. வங்கதேசம், ஹாங்காங் இரண்டுக்கும் ‘ஆம்’, ‘இல்லை’ இடம் மாறிப் பதிவாகியிருந்தது பின்னால்தான் தெரிந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் அந்த ‘இனம்’ என்ற சொல். நம் ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் வேறு இனத்தவர் பக்கத்தில் வரலாமா என்று கேட்டால் அவர் மனதில் ஆப்பிரிக்கரோ சீனரோ வருவார்களா? ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று நாம் கேட்போமே, அதுதான் வரும். அவர் பதில் சொல்வது சாதிக்கு. பிரான்சில் அரசு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனம் என்ற கட்டமே கிடையாது. பிரேசிலில் கேட்பது தோலின் நிறத்தை. 1976இல் அவரவர் நிறத்தை அவரவர் வாயாலேயே சொல்லச் சொன்னபோது, பால் கலந்த காபி நிறம் என்பது உட்பட 130க்கும் மேற்பட்ட பெயர்கள் வந்தன. இத்தனையையும் ஒரே கேள்வியாக நினைத்து வண்ணம் தீட்டினால் எப்படி?

பிரேசிலின் நீலத்தைப் பற்றி இன்னொன்று. அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக, 1888இல்தான், அங்கே அடிமை முறை ஒழிந்தது. சரியாக நூறு வருடம் கழித்து சாவோ பாவ்லோவில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. உங்களுக்கு நிற பேதம் உண்டா? 97 சதவீதம் பேர் இல்லை என்றார்கள். அப்படிப் பேதம் பார்க்கிறவர் யாரையாவது தெரியுமா? 98 சதவீதம் பேர் தெரியும் என்றார்கள். ஊரே நல்லவர்கள், ஆனால் ஆளுக்கொரு கெட்டவரைத் தெரியும்!

ஆக, இந்த எண்கள் வெறுப்பை அளக்கவில்லை, அதை வெளியே சொல்வதில் உள்ள கூச்சத்தை அளக்கின்றன என்பது என் எண்ணம். ஆனால் கூச்சத்தை லேசாக நினைக்காதீர்கள். கறுப்பரும் வெள்ளையரும் மணந்துகொள்வதை ஏற்கிறீர்களா என்று கேலப் நிறுவனம் 1958இல் கேட்டபோது அமெரிக்கர்களில் நூற்றுக்கு நாலு பேர்தான் ஆம் என்றார்கள். 2021இல் 94 பேர். அந்த 94 பேரும் மனதாரச் சொன்னார்களா என்றால் நான் நம்ப மாட்டேன். ஆனாலும் ‘மாட்டேன்’ என்று முகத்துக்கு நேரே சொல்ல நாக்கு கூசுகிற இடத்துக்கு ஒரு சமூகம் வந்திருக்கிறது. அதற்காக ஜெயிலுக்குப் போனவர்கள், உயிரை விட்டவர்கள் எத்தனையோ பேர்.

நமக்கு அந்தக் கூச்சம் இன்னும் வரவில்லை. பல வருடங்களுக்கு முன்பு, மணிப்பூரிலிருந்து வந்து என்னோடு வேலை பார்த்த ஒரு பையனுக்குச் சென்னையில் வீடு பார்க்கப் போனேன். வீட்டுக்கார அம்மா நல்ல மாதிரி. உட்காரச் சொல்லி காபி கொடுத்தார். எனக்கு மட்டும். பையன் கேட்டுக்கு வெளியே பைக்கோடு நின்றான். ‘தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி, அந்த மூஞ்சிக்காரங்களுக்கு நாங்க விடறதில்லை’ என்றார். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. அவனுக்குத் தமிழ் புரியும். வண்டியைத் திருப்பி நிறுத்தி, எனக்காகக் காத்திருந்தான். நானும் பாதிக் காபியைக் குடித்திருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் தொண்டை கசக்கிறது.

2014இல் டெல்லி லஜ்பத் நகரில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா தாக்கப்பட்டு இறந்தார். அவருடைய தலைமுடியைக் கடையில் கிண்டல் செய்ததில்தான் அது தொடங்கியது. அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்கு அந்தக் கேட்தான் ஞாபகம் வந்தது.

வளைகுடாவில் நீங்கள் பட்டது உங்களுக்கு இன்னும் வலிக்கிறது, அதனால்தான் சிவப்பு என்றதும் கோபம் வந்தது. புரிகிறது. குழுவில் அவசியம் எழுதுங்கள். ஹாங்காங் பிழையை எழுதுங்கள், சாவோ பாவ்லோ கணக்கை எழுதுங்கள். அப்புறம், உங்கள் குழுவில் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள். யாருக்கு விட மாட்டீர்கள் என்று அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.