மஞ்சள் கடுதாசி: கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சில பதில்கள்

போன மாதம் இந்தப் பகுதியில் ஐ.பி. பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். ஐ.பி. என்றால், கடனைக் கட்ட முடியாதவர் கோர்ட்டில் போடும் திவால் மனு. ஊர் அதைத்தான் மஞ்சள் கடுதாசி என்கிறது. அதன்பிறகு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதைப் பற்றியே. கடன் கொடுத்து ஏமாந்தோம் என்று எழுதியவர்களும் உண்டு, கடன் வாங்கி மூச்சு முட்டுகிறது என்று எழுதியவர்களும் உண்டு. குன்னூர், ஊட்டி கோர்ட்டுகளில் வக்கீலாக இரண்டு தரப்புக்காகவும் நின்றிருக்கிறேன். பெயர்களை விட்டுவிட்டு, ஊரை மட்டும் சொல்லிப் பதில் எழுதுகிறேன்.

*கேத்தியில் உரக்கடை வைத்திருக்கிறேன். ஒரு கேரட் விவசாயிக்கு நான்கு போகமாக உரம், மருந்து, விதை எல்லாம் கடனுக்குக் கொடுத்தேன். பாக்கி 3,80,000 ரூபாய். போன வாரம் கோர்ட்டிலிருந்து மஞ்சள் நோட்டீஸ் வந்தது. கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் நான் பதினொன்றாவது ஆள். அவர் மகன் பெயரில் புது பிக்கப் வண்டி நிற்கிறது. என் பணம் அவ்வளவுதானா சார்? இது என்ன நியாயம்?*

நோட்டீஸ் வந்ததுமே பணம் போய்விட்டது என்று முடிவு கட்டி வீட்டில் உட்கார்ந்துவிடுவதுதான் நம் கடைக்காரர்கள் செய்யும் முதல் தப்பு. அது தீர்ப்பு அல்ல. 'கடனைக் கட்ட முடியவில்லை என்று இவர் மனு போட்டிருக்கிறார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?' என்று கோர்ட் உங்களைக் கேட்கிறது. கேட்கும்போது போய்ப் பதில் சொல்லாவிட்டால், அவர் சொன்னது மட்டும்தான் கோர்ட்டின் காதில் விழும். நோட்டீஸில் போட்டிருக்கும் தேதியில் வக்கீலோடு ஆஜராகுங்கள்.

நம் மாவட்டத்தில் இன்னமும் நடப்பது 1920ஆம் வருடத்து மாகாணத் திவால் சட்டம். அதன்படி, தன்னால் கடனைக் கட்ட முடியாது என்பதை மனு போட்டவர்தான் காட்ட வேண்டும். கோர்ட் அவரைத் திவாலானவர் என்று அறிவித்தால், அவர் சொத்து கோர்ட்டின் கைக்கோ, கோர்ட் நியமிக்கும் பொறுப்பாளரான ரிசீவர் கைக்கோ போய்விடும். விற்று வருவதை, கடனை நிரூபித்தவர்களுக்குப் பங்கு போடுவார்கள். நிரூபித்தவர்களுக்கு என்பதைக் கவனியுங்கள். நீங்கள் அபிடவிட் போட்டு, கணக்கோடு உங்கள் பாக்கியைக் காட்டினால்தான் பங்கு.

சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி வழக்கில் ஒரு உரக்கடைக்காரர் கொண்டு வந்த நோட்டு எனக்கு மறக்கவே இல்லை. நீளமான கணக்கு நோட்டு. அட்டை கிழிந்து போனதால் யூரியா சாக்கை வெட்டி ஒட்டியிருந்தார். ஒவ்வொரு போகம் முடிந்ததும் பாக்கித் தொகை, அதற்குக் கீழே விவசாயியின் கையெழுத்து, தேதி. முதல் மூன்று கையெழுத்தும் நேராக இருந்தன. நான்காவது கோணிக்கொண்டு கோட்டுக்கு வெளியே போயிருந்தது. அந்த போகத்தில், பிடுங்கும் கூலிக்கும் லாரி வாடகைக்கும் கூடக் காணாத விலைக்குக் கேரட் மேட்டுப்பாளையம் மண்டியில் போனது என்று அவரே சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தொகையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. உங்களிடம் அப்படி ஒரு நோட்டு இருக்கிறதா? கையெழுத்துக்கு இன்னொரு பலனும் உண்டு. சரக்குக் கடனுக்குக் காலாவதி மூன்று வருடம். அதற்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருடம் ஓடும்.

இனி வண்டி விஷயம். மகன் தன் சம்பாத்தியத்தில், தன் பெயரில் பைனான்ஸ் போட்டு வாங்கியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். அப்பாவின் கடனுக்கு மகனின் வண்டி பொறுப்பல்ல. ஆனால் மனு போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் அப்பா தன் நிலத்தையோ வீட்டையோ சும்மா யார் பெயருக்காவது எழுதியிருந்தால், அதை ரத்து செய்யக் கேட்கலாம். ரிசீவர் கேட்க மறுத்தால் கோர்ட் அனுமதியோடு நீங்களே கேட்கலாம். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்க அரை மணி நேரம் ஆகாது, இன்றே பாருங்கள். அதே போல், மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் வேண்டப்பட்ட ஒருவருக்கு மட்டும் முழுக் கடனையும் அடைத்துவிட்டு மற்றவர்களைக் கைவிட்டிருந்தால் அதையும் கேள்வி கேட்கலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் முழுப் பணமும் வராது. அடமானம் வைத்திருக்கும் பாங்க் தன் ஈட்டை எடுத்துக்கொள்ளும். அரசுக்கும் உள்ளாட்சிக்கும் உள்ள பாக்கி முன்னால் போகும். மிச்சத்தில்தான் உங்களுக்கும் மற்றவர்களுக்கும் விகிதப்படி பங்கு. ரூபாய்க்கு 15 பைசா வந்தால் உங்களுக்கு 57,000. நீங்களும் மொத்த வியாபாரியிடம் கடனுக்குத்தான் சரக்கு எடுத்திருப்பீர்கள், அவர் உங்களை விடப் போவதில்லை. பாங்குக்கு ஈடு இருக்கிறது, அரசுக்கு முன்னுரிமை இருக்கிறது, உங்களுக்கு ஒரு நோட்டு மட்டும் இருக்கிறது. இது நியாயமில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த அநியாயத்தைச் செய்தவர் விவசாயி அல்ல, பங்கு போடும் வரிசையை எழுதிய சட்டம். அவர் கணக்கை மறைத்திருந்தால் மட்டும் அவர்மேல் கோபப்படுங்கள்.

*கோத்தகிரி பக்கம் இரண்டரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாத வருடங்களில் வாங்கியது, மனைவியின் ஆபரேஷனுக்கு வாங்கியது, நகைக் கடன், கைமாற்று எல்லாம் சேர்ந்து 11 லட்சம். நிலத்தை மனைவி பெயருக்கு எழுதி வைத்துவிட்டு ஐ.பி. போடு என்கிறார் மச்சான். போட்டால் ஊரில் தலைகாட்ட முடியுமா?*

மச்சான் சொன்னதை மட்டும் செய்யாதீர்கள். மேலே சொன்ன இரண்டு வருடக் கணக்கு உங்களுக்கும் பொருந்தும். எழுதிக் கொடுத்ததை கோர்ட் ரத்து செய்யும். கடன் கொடுத்தவர்களை ஏமாற்றச் சொத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை சிறைத் தண்டனைக்கும் இடம் இருக்கிறது. நேர்மையாகக் கஷ்டப்பட்ட மனிதர் என்று உங்களுக்கு இன்று இருக்கும் பெயரும் அன்றோடு போய்விடும்.

அதைவிட முக்கியமான கேள்வி, நீங்கள் உண்மையிலேயே திவாலாகிவிட்டீர்களா என்பது. நிலத்துக்கு இன்று என்ன விலை போகிறது என்று பக்கத்தில் இரண்டு பேரிடம் கேட்டுப் பாருங்கள். அதில் ஒரு பகுதியை விற்றாலே கடன் அடையும் என்றால், கட்ட முடியாதவர் என்று கோர்ட் உங்களை ஏற்பது கஷ்டம். பாட்டன் வைத்த தேயிலைச் செடியை விற்பது வலிக்கும், தெரியும். ஆனால் ரிசீவர் ஏலத்தில் போகும் விலையைவிட நீங்களே நிதானமாக விற்கும் விலை எப்போதும் நல்ல விலை. நகைக் கடனை பாங்கில் பேசிப் புதுப்பியுங்கள், கைமாற்றுக்காரர்களை ஒரே நாளில் உட்கார வைத்துப் பேசுங்கள். தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தால், வழக்குப் போடாமலே லோக் அதாலத் என்ற சமரச மன்றத்தில் தவணை பேசி முடிக்கலாம். 15100க்கு போன் செய்தால் வழி சொல்வார்கள். செலவு இல்லை.

அப்படியும் முடியாவிட்டால் ஐ.பி. போடுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கட்ட வழியே இல்லாத ஒருவரை அந்தக் காரணத்துக்காகவே சிறையில் அடைக்கக் கூடாது என்று 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு இன்றும் நிற்கிறது. பாத்திரம் பண்டம், படுக்கை, கவாத்துக் கத்தி, மண்வெட்டி இவற்றை யாரும் தொட முடியாது. விவசாயத்தை நம்பி வாழ்பவர் குடியிருக்கும் வீட்டுக்கும் பாதுகாப்பு உண்டு, நீங்களே அதை அடமானம் வைத்திருந்தால் தவிர. நிலத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பாங்கில் இருக்கும் நகையை ஐ.பி. மீட்டுத் தராது.

திவால் அறிவிப்பு வந்ததும் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். கடனிலிருந்து விடுபட நீங்கள் தனியாக மனு போட வேண்டும், அதற்கு கோர்ட் ஒரு கெடு வைக்கும். கெடுவைத் தவறவிட்டால் அறிவிப்பே ரத்தாகலாம். சொத்து ரூபாய்க்கு 50 பைசா அளவுக்குக்கூட இல்லையென்றால், அது உங்கள் தப்பால் வந்ததல்ல என்று காட்டினால்தான் முழு விடுதலை. உறைபனியில் செடி கருகியது, தேயிலை பாக்டரி ரசீதுகளில் உள்ள விலை, ஆஸ்பத்திரி பில் இவை எல்லாம் அதற்குச் சாட்சி. இன்றே ஒரு பையில் போட்டு வையுங்கள். விடுதலை கிடைக்கும் வரை, உங்கள் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினாலே குற்றம். 1920இல் போட்ட தொகை, இன்னும் அப்படியே கிடக்கிறது.

*கொடைக்கானலில் வீட்டில் சாக்லேட் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறேன். ஒரு கடைக்காரர் சீசன் முடிந்தும் 1,40,000 ரூபாய் தரவில்லை. அழுத்திக் கேட்டால் 'ஐ.பி. கொடுத்துவிடுவேன்' என்கிறார். பயமாக இருக்கிறது.*

பயப்படாதீர்கள் அம்மா. ஐ.பி. கொடுப்பேன் என்று சொல்வதும் கொடுப்பதும் ஒன்றல்ல. கொடுத்தால் அவர் கடை, சரக்கு, வீடு, பாங்க் கணக்கு எல்லாவற்றையும் கோர்ட்டில் பட்டியல் போட வேண்டும். சீசனில் ஓடும் கடை வைத்திருப்பவர் அதற்குச் சுலபத்தில் துணிய மாட்டார்.

நீங்கள் பொருளைச் செய்து விற்பவர், அதனால் குறுந்தொழில் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். சிறு தொழில்களுக்கான அரசின் உதயம் பதிவு இருக்கிறதா? சரக்கு கொடுப்பதற்கு முன்பே பதிந்திருந்தால் 2006ஆம் வருடச் சட்டப்படி அவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தந்திருக்க வேண்டும். தாண்டினால் ரிசர்வ் பாங்க் அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. இதற்கென்று இருக்கும் அரசு இணையதளத்தில் நீங்களே புகார் பதியலாம். திண்டுக்கல் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் உதவுவார்கள். பதிவு இல்லையென்றால் இந்தப் பாக்கிக்கு வக்கீல் நோட்டீஸ், சிவில் வழக்கு என்று போக வேண்டும். அடுத்த சரக்கைக் கட்டுவதற்கு முன் பதிந்துவிடுங்கள். செக் ஏதாவது கொடுத்திருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். திரும்பி வந்தால், வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். செக் வழக்கு கிரிமினல் வழக்கு, ஐ.பி. அதை நிறுத்தாது.

*நண்பனின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவனுக்கு ஐ.பி.யில் விடுதலை கிடைத்துவிட்டது. நானும் தப்பித்தேனா? (கூடலூர்)*

இல்லை தம்பி. அவருக்குக் கிடைத்த விடுதலை அவருக்கு மட்டும்தான், ஜாமீன்தாரருக்கு அல்ல என்று சட்டமே சொல்கிறது. நீங்கள் கட்டியதை அவரிடம் திரும்பக் கேட்கவும் பெரும்பாலும் வழி அடைபட்டிருக்கும். கடன் கொடுத்தவரிடம் நேரில் போய் வட்டியைக் குறைத்துத் தவணை பேசுங்கள். ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள்.

*ஊட்டியில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தேன். நான்கு மாதச் சம்பளம் பாக்கி. முதலாளி ஐ.பி. போட்டுவிட்டார். தொழிலாளிக்கு முதலில் தருவார்களாமே?*

தருவார்கள் என்றுதான் சட்டத்தில் இருக்கிறது. அரசு பாக்கிக்குச் சமமான வரிசையில், மனுவுக்கு முந்தைய நான்கு மாதச் சம்பளம். ஆனால் எவ்வளவு தெரியுமா? மொத்தம் 20 ரூபாய். அதற்கு மேல் உள்ளதற்கு நீங்களும் மற்றவர்களோடு பங்குக்கு நிற்க வேண்டும். 1920இல் 20 ரூபாய் ஒரு வேலையாளுக்குப் பெரிய தொகைதான். நூறு வருடம் கழித்தும் அந்த எண்ணை மாற்றாமல் விட்டதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு எரிகிறது. கோர்ட்டில் கடனை நிரூபிப்பதோடு நிற்காமல், தொழிலாளர் துறை அலுவலகத்தில் சம்பளப் பாக்கி மனுவும் கொடுங்கள். வருகைப் பதிவேட்டின் போட்டோ, ஜிபேயில் முன்பு வந்த சம்பளத்தின் பதிவு, கூட வேலை பார்த்த இரண்டு பேரின் சாட்சி போதும். தாமதம் வேண்டாம்.

*புதுச் சட்டத்தில் ஒரே வருடத்தில் கடன் தீர்ந்துவிடும் என்கிறார்களே, அது நமக்கு இல்லையா? (குன்னூர்)*

2016ஆம் வருடத் திவால் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது, திவால் உத்தரவு வந்த ஒரு வருடத்தில் விடுதலை. ஆனால் தனிநபர்கள் பற்றிய பகுதி 2019 டிசம்பர் 1 முதல், கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் நடைமுறைக்கு வந்தது. பெரிய கம்பெனிக்கு ஜாமீன் நின்றவருக்குப் புதுச் சட்டம், கேரட் போட்டவருக்கும் பேக்கரி வைத்தவருக்கும் 1920. இதை எப்படி நியாயம் என்று சொல்வது?

முழுவதும் அமலுக்கு வந்தாலும் சில இடங்கள் எனக்கு உறுத்துகின்றன. ஏழைகளுக்கான கடன் தள்ளுபடி வழிக்கு ஆண்டு வருமானம் 60,000, சொத்து 20,000, கடன் 35,000 இவற்றைத் தாண்டக் கூடாது, சொந்த வீடும் கூடாது. மாதம் 5,000 ரூபாய்! எஸ்டேட்டில் நிரந்தரமாகக் கொழுந்து எடுப்பவருக்கே அதைவிட அதிகம் வரும். அப்புறம், தவணைத் திட்டத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் ஓட்டுப் போடும்போது தலைக்கு ஒரு ஓட்டு அல்ல, கடன் தொகைக்கு ஏற்ற ஓட்டு. நான்கில் மூன்று பங்குக்கு மேல் தொகை சம்மதித்தால் திட்டம் நிறைவேறும். ஒரு பாங்கும் பத்துக் கடைக்காரர்களும் இருந்தால் பாங்க் சொன்னதுதான் நடக்கும். கேத்தி உரக்கடைக்காரர் அங்கேயும் பதினொன்றாவது ஆள்தான்.

*தண்டல்காரர் தினமும் கடை வாசலில் வந்து நின்று கத்துகிறார். ஐ.பி. போட்டால் நிற்குமா? (அரவங்காடு)*

இதற்கு ஐ.பி. வரை போக வேண்டியதில்லை. தண்டல், மீட்டர் வட்டி, நாள் வட்டி எல்லாம் 2003ஆம் வருடக் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் குற்றம், மூன்று வருடம் வரை சிறை. வாங்கியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று தேதிவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். அவர் கையெழுத்து வைத்த தண்டல் அட்டை இருந்தால் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைப் புகாரோடு போலீஸில் கொடுத்து ரசீது வாங்குங்கள், இன்னொன்று உங்களிடம் இருக்கட்டும். அடுத்த முறை வந்து கத்தும்போது பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு அருகில் நிற்க வையுங்கள், சாட்சிக்கு ஆள் வேண்டும்.