பகலில் ஊதா, ட்யூப்லைட்டில் நீலம்: என் கண்ணாடிக் கோப்பை ஏன் நிறம் மாறுகிறது? அதில் குடிக்கலாமா?

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது அநேகமாக நியோடிமியம் கலந்த கண்ணாடி. நியோடிமியம் மஞ்சள் ஒளியில் 580 நானோமீட்டரை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையை முக்கியமாக விழுங்கிவிடும். மிச்சமாகும் நீலமும் சிவப்பும் சேர்ந்துதான் பகலில் ஊதாவாகத் தெரிகிறது. ட்யூப்லைட்டில் சிவப்பு குறைச்சல், அதனால் நீலம் ஜெயிக்கிறது. பழைய குண்டு பல்பு இருந்தால் போட்டுப் பாருங்கள், ரோஜா நிறத்துக்கே போய்விடும்.

1885-ல் இந்தத் தனிமத்தைப் பிரித்தெடுத்தவர் ஆஸ்திரியாவின் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். கேஸ் விளக்கு மேண்டிலும் அவர் கைவண்ணம்தான். 1920-களின் இறுதியில் செக்கோஸ்லோவாக்கியாவின் கார்லோவி வாரியில் மோசர் நிறுவனம் இதைக் கோப்பைகளில் சேர்த்து, ‘அலெக்சாண்ட்ரிட்’ என்று பெயர் வைத்தது. 1930-களில் அமெரிக்காவில், ஒஹையோவின் ஹெய்சி கண்ணாடி நிறுவனமும் செய்தது. விலை அதிகம், காரணம் எளிது: கோபால்ட் துளி போட்டாலே கண்ணாடி கருநீலமாகிவிடும், நியோடிமியமோ சில சதவீதம் போட்டால்தான் நிறமே எடுபடும்.

ஆனால் என்னைக் கேட்டால், நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்களின் நிஜமான வேலை நிறமே இல்லாத டம்ளரில்தான் இருக்கிறது. மணலில் ஒட்டியிருக்கும் இரும்பு கண்ணாடிக்குப் பச்சை தட்ட வைக்கும். சீரியம் ஆக்சைடு அந்த இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்து, பச்சையை லேசான மஞ்சளாக மாற்றிவிடும். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. அந்த மிச்ச மஞ்சளையும் மறைக்கத் துளி எர்பியம் சேர்ப்பார்கள், அது கண்ணாடிக்கு இளஞ்சிவப்பு தரும். இதே வேலைக்கு முன்பு மாங்கனீசு போடுவார்கள், ஆனால் வருடக்கணக்கில் வெயில் பட்டால் அது ஊதாவாகிவிடும். செலினியமும் உண்டு, ஃபர்னஸிலேயே பாதி ஆவியாகிப் போகும். எர்பியத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, விலையைத் தவிர. (சீரியமும் நியோடிமியமும் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் தாதுவிலேயே இருக்கின்றன.)

குடிக்கலாமா என்றால், தாராளமாக. நியோடிமியம் கண்ணாடிக்குள் கட்டுண்டு கிடக்கிறது, பானத்தில் கரைந்து வராது. கதிர்வீச்சு பயம் யுரேனியம் கண்ணாடியோடு குழப்பிக்கொள்வதால் வருவது. அது புற ஊதா டார்ச் அடித்தால் பளிச்சென்று பச்சையாக ஒளிரும், இது அப்படி ஒளிராது. கோப்பை கனமாக இருந்தால் மட்டும் ஈயக் கண்ணாடியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒயினையோ எலுமிச்சைச் சாற்றையோ அதில் ஊற்றி நாள்கணக்கில் வைக்காதீர்கள். கையால் கழுவுங்கள்; டிஷ்வாஷரில் போட்டால் பழைய கண்ணாடி மங்கிவிடும்.