நடுவர் இல்லாத ஆட்டம்: கோல்ஃப் கேள்வி–பதில்

கோல்ஃப் வழியாகப் பிள்ளைகளுக்கு நேர்மை, பொறுமை, பொறுப்பு இவற்றைச் சொல்லித்தருவது பற்றி ஆசிரியர்களும் பெற்றோர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கோல்ஃப் விளையாடினாலே பிள்ளைகளுக்கு ஒழுக்கம் தானாக வந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

தானாக வராது. ஏமாற்றுபவர்களும் மட்டையை வீசி எறிபவர்களும் கோல்ஃபிலும் இருக்கிறார்கள். ஆனால் வேறு ஆட்டங்களில் அரிதாகக் கிடைக்கும் ஒரு வசதி இதில் உண்டு. பெரும்பாலான நேரம் பக்கத்தில் நடுவர் கிடையாது. விதியை மீறினால் மீறியவரே சொல்லி, தன் கணக்கில் அபராத அடியைச் சேர்க்க வேண்டும். (கோல்ஃபில் அடி குறைந்தவருக்கே வெற்றி.) பந்து புதருக்குள் கிடக்கும், கூட ஆடுபவர்கள் ஐம்பது மீட்டர் தள்ளி நிற்பார்கள், காலால் ஒரு தட்டுத் தட்டினால் வேலை முடிந்துவிடும். தட்டுவதா, விடுவதா என்று பிள்ளை தனியாக முடிவெடுக்கும் நொடி அது.

இன்னொன்று, நேரம். 18 குழிகளை முடிக்க ஏறக்குறைய 4 மணி நேரம் ஆகும். 90 அடி அடிப்பவர் உண்மையில் மட்டையை வீசும் நேரத்தைக் கூட்டினால் மூன்று நிமிடம்கூடத் தேறாது. மிச்சமெல்லாம் நடை, காத்திருப்பு, போன அடியை நினைத்து நொந்துகொள்வது, அடுத்ததை நினைத்துப் பயப்படுவது. பாடம் நடக்க வேண்டியது இந்த மிச்ச நேரத்தில்தான். பயிற்சியாளர்களில் பலர் மூன்று நிமிட வீச்சை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் 1997இல் தொடங்கிய 'ஃபர்ஸ்ட் டீ' அமைப்பு இதைத்தான் பாடத்திட்டமாக்கியது. நேர்மை, மரியாதை, விடாமுயற்சி, நிதானமான முடிவு என ஒன்பது பண்புகளைப் பட்டியலிட்டு, ஆட்டப் பயிற்சியோடு சேர்த்துக் கற்பித்தது. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பட்டியலை அல்ல, பண்பையும் பயிற்சியையும் ஒரே வகுப்பில் பின்னிய முறையை.

பத்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் 12 பேர், வாரம் ஒரு மணி நேரம். வகுப்பை எப்படி அமைப்பது? (உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்)

ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு பண்பு. இதில் கறாராக இருங்கள். ஒரே நாளில் நேர்மை, மரியாதை, தன்னம்பிக்கை மூன்றையும் எடுத்தால் வீட்டுக்குப் போகும்போது ஒன்றும் மிஞ்சாது. இலக்கு வைப்பதை எடுத்துக்கொண்ட ஒரு வகுப்பு இப்படிப் போகலாம்.

முதல் 5 நிமிடம் வணக்கமும் போன வாரக் கணக்கும். அடுத்த 10 நிமிடம் பாதுகாப்பும் உடல் தயாரிப்பும். எல்லோரும் ஒரே கோட்டில், ஒருவருக்கொருவர் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி. இடக்கைப் பிள்ளை இருந்தால் வரிசையின் வலது ஓரத்தில் நிறுத்துங்கள். அப்போது அவர் மற்றவர்களைப் பார்த்தபடி நிற்பார், யாருக்கும் முதுகு காட்ட வேண்டியிருக்காது. நீங்கள் "எடுக்கலாம்" என்று சொல்லும்வரை பந்தை எடுக்க ஒருவரும் கோட்டைத் தாண்டக் கூடாது. அதற்கு முன் எல்லா மட்டைகளும் தரையில் இருக்க வேண்டும். விபத்துகள் அடிக்கும் பிள்ளையால் மட்டும் வருவதில்லை. உருண்டு போன தன் பந்தை எடுக்கக் குனிந்து ஓடும் பிள்ளையாலும் வருகின்றன.

பிறகு ஆறு ஆறு பேராகப் பிரித்து, 20 நிமிடம் கழித்து இடம் மாற்றுங்கள். ஒரு குழுவுக்குப் பட்டிங். (பேட்டிங் அல்ல, பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் விடுவது.) 1 மீட்டர், 2 மீட்டர், 3 மீட்டர் தூரத்திலிருந்து தலா 5 பந்து. முதல் சுற்றில் 15க்கு எத்தனை விழுந்தது என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டாம் சுற்றுக்கு இலக்கை அவரவரே எழுத வேண்டும். இங்கேதான் சிக்கல் வரும். 4 எடுத்த பிள்ளை '15' என்று எழுதும். அது இலக்கு அல்ல, ஆசை. உலகின் முன்னணி ஆட்டக்காரர்களே சுமார் 2.4 மீட்டர் தூரத்தில் இரண்டுக்கு ஒன்றைத்தான் குழியில் போடுகிறார்கள் என்று சொல்லுங்கள். முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். போன சுற்றைவிட ஒன்றோ இரண்டோ கூடுதல், அது போதும்.

அதோடு இன்னொரு இலக்கையும் எழுதச் சொல்லுங்கள். அது பிள்ளையின் கையில் உள்ளதாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டு: '3 மீட்டர் பந்துகள் விழாவிட்டாலும் குழியைத் தாண்டி ஒரு மட்டை நீளத்துக்குள் நிற்கும்.' குழிக்கு எட்டாமல் நின்ற பந்து எப்படியும் விழப்போவதில்லை. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பந்து 43க்குச் சற்றுக் குறைவு. விழுவதும் விழாததும் சில நேரம் ஒரு புல்நுனியின் விஷயம். பந்து எட்டுகிறதா என்பது பிள்ளையின் விஷயம்.

மற்றொரு குழு மூவர் மூவராக 3 சிறு குழிகள் ஆடட்டும். ஒருவர் அடிக்க, ஒருவர் எண்ண, ஒருவர் கொடி பிடிக்க. குழிக்குக் குழி வேலை மாறட்டும்.

கடைசி 5 நிமிடப் பேச்சில்தான் வகுப்பு உருப்படும் அல்லது கெடும். "இன்று எல்லோரும் நல்ல இலக்கு வைத்தீர்களா?" என்று கேட்டால் "ஆமாம் சார்" என்று ஒரே குரலில் வரும், அதற்கு மதிப்பில்லை. "இரண்டாம் சுற்றில் எதை மாற்றினாய்?", "பள்ளியில் இதே மாதிரி ஒன்று கூடுதலாக எதில் செய்யலாம்?" என்று தனித்தனியாகக் கேளுங்கள். பதிலை ஸ்கோர் கார்டின் பின்பக்கம் ஒரு வரியில் எழுதச் செய்து, அடுத்த வாரம் முதல் 5 நிமிடத்தில் அதைப் படியுங்கள். திரும்பப் படிக்காத கார்டு இரண்டே வாரத்தில் வெறும் காகிதமாகிவிடும்.

என் மகள் 7 அடி அடித்துவிட்டு 5 என்று எழுதுகிறாள். எப்படித் திருத்துவது? (ஒரு தாய்)

முதலில் காரணத்தைப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளில் பெரும்பாலும் அது பொய் அல்ல, எண்ணிக்கை தப்புவது. தவறவிட்ட வீச்சும் பங்கரில் (மணல் பள்ளத்தில்) சிக்கிய அடிகளும்தான் முதலில் மறக்கும். பத்து மணி கோத்த சிறு கயிற்றை இடுப்பில் கட்டிவிட்டு, ஒவ்வொரு அடிக்கும் ஒரு மணி தள்ளச் சொல்லுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

அடுத்து, விதியையும் தெளிவாக்குங்கள். பந்தை அடிக்க நினைத்து வீசி, படாமல் போனாலும் அது ஓர் அடி. சும்மா வீசிப் பார்த்தது கணக்கில் வராது. டீயில் (குழியின் முதல் அடிக்குப் பந்தை வைக்கும் சிறு முளையில்) வைத்த பந்தை அந்த அடிக்கு முன் தெரியாமல் தட்டிவிட்டால் அபராதம் இல்லை, மறுபடி வைத்து ஆடலாம். கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையில்) பந்து தற்செயலாக நகர்ந்தாலும் 2019 விதிகளின்படி அபராதம் இல்லை, பழைய இடத்தில் வைத்துவிட வேண்டும். பயந்த சுபாவமுள்ள பிள்ளைகள் தேவையில்லாத அபராதத்தைத் தாங்களே போட்டுக்கொள்வதும் உண்டு. அதையும் திருத்த வேண்டும். அது நேர்மையாகாது, விதி தெரியாமை.

தெரிந்தே குறைக்கிறாள் என்றால், பெரிய எண்ணை எழுதப் பயப்படுகிறாள் என்று பொருள். யாருடைய முகம் அவளைப் பயமுறுத்துகிறது என்று யோசியுங்கள். ஒரு குழிக்கு உச்ச வரம்பு வைத்துவிடுங்கள். பார் 4 குழியில் (தேர்ந்தவர் 4 அடியில் முடிக்க வேண்டிய குழியில்) 8 ஆனதும் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போகலாம். இது சலுகை அல்ல, விதிப்புத்தகம் ஏற்கும் ஆட்டமுறைதான். மற்றவர் முன்னால் "பொய் சொல்லாதே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "டீயிலிருந்து ஒவ்வொரு அடியாகச் சொல்லிக்கொண்டே வா" என்று கேளுங்கள். எண்ணிக்கொண்டே வரும்போது அவளே நிறுத்தித் திருத்துவாள்.

போட்டிகளில் ஒருவர் கார்டை இன்னொருவர்தான் எழுதுவார். ஆடியவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். உண்மையைவிடக் குறைவான எண்ணுக்குக் கையெழுத்திட்டால் பொதுவாகத் தகுதிநீக்கம். கூடுதலான எண்ணுக்கு இட்டால் அந்த எண்ணே நிற்கும். 1968 மாஸ்டர்ஸ் போட்டியில் ராபர்ட்டோ டி விசென்சோ 17ஆம் குழியில் எடுத்தது 3. கூட ஆடியவர் தவறுதலாக 4 என்று எழுதிவிட்டார். பார்க்காமல் கையெழுத்திட்ட டி விசென்சோ, சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டத்துக்கான வாய்ப்பை இழந்து ஓர் அடியில் தோற்றார். கார்டைச் சரிபார்ப்பது எதற்கு என்று சொல்லித்தர இதைவிட நல்ல கதை கிடையாது. தேர்வுத் தாளைத் திருப்பிப் பார்க்காமல் கொடுக்கும் பிள்ளைகளுக்கு உடனே புரியும்.

1925 யூ.எஸ். ஓப்பனில் பாபி ஜோன்ஸ் தன் பந்து அசைந்ததாகத் தானே சொல்லி ஓர் அபராத அடியை ஏற்றதும் உண்மை நிகழ்வுதான். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. கடைசியில் சமநிலைக்குப் பின் நடந்த ஆட்டத்தில் தோற்றார். ஆனால் இந்தக் கதையைத் திருத்தும் நேரத்தில் சொல்லாதீர்கள், குத்திக்காட்டுவதாகிவிடும். வேறொரு நல்ல நாளில் சொல்லுங்கள்.

ஒரு பையனுக்குக் கோபம் வந்தால் மட்டையைத் தரையில் ஓங்கி அடிக்கிறான். கண்டித்தும் பயனில்லை.

"கோபப்படாதே" என்பது செய்ய முடியாத கட்டளை. செய்யக்கூடிய ஒன்றைக் கொடுங்கள். அடித்த இடத்திலிருந்து பத்து அடியெடுத்து வைக்கும்வரை கோபப்பட அனுமதி உண்டு. ஆனால் மட்டையும் வாயும் சும்மா இருக்க வேண்டும். பத்தாவது எட்டில் மட்டையைப் பையில் போட வேண்டும். மட்டை பைக்குள் போனால் அந்த அடி முடிந்தது என்று அர்த்தம். அடுத்த பந்தை அடையும்போது பின்னால் நின்று இலக்கைப் பார்த்து, ஒரு முறை ஆழமாக மூச்சுவிட்டு, ஒரு முறை வீசிப் பார்த்து, அடிப்பது. ஒவ்வொரு அடிக்கும் இதே வரிசை. நன்றாக ஆடும் நாளில் பழக்கினால்தான் மோசமான நாளில் கை கொடுக்கும். பலர் கோபம் வந்த பிறகு கற்றுக்கொடுக்க முயல்வதால்தான் பலிப்பதில்லை.

பந்து முள்ளில் சிக்கினால் விதி மூன்று வழிகளைத் தருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் அபராத அடி. முன்பு அடித்த இடத்துக்கே திரும்புவது, குழியையும் பந்தையும் இணைக்கும் கோட்டில் பின்னால் போவது, குழிக்கு நெருங்காமல் இரண்டு மட்டை நீளத்துக்குள் போடுவது. இவற்றுள் எது என்று அவனையே வாய்விட்டுச் சொல்லித் தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். யோசிக்க வேலை கிடைத்ததும் கோபம் பாதியாகும்.

கணக்கு முறையையும் மாற்றிப் பாருங்கள். ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் பார் எடுத்தால் 2 புள்ளி, பர்டிக்கு (பாரைவிட ஓர் அடி குறைவு) 3, போகிக்கு (ஓர் அடி கூடுதல்) 1, அதைவிட மோசமென்றால் 0. ஒரு குழியில் பன்னிரண்டு அடித்தாலும் இழப்பு அந்தக் குழியோடு நிற்கும்.

கிரீனில் பந்து விழுந்த பள்ளத்தைப் பிள்ளைகள் சரிசெய்ய வேண்டுமா? அதற்கு ஊழியர்கள் இருக்கிறார்களே?

வேண்டும். பின்னால் வருபவரின் பந்து அந்தப் பள்ளத்தில் தடம் மாறும். ஆனால் சரியாகக் கற்றுக்கொடுங்கள்: கவைக் கருவியைப் பள்ளத்தின் ஓரத்தில் குத்தி, சுற்றிலும் உள்ள புல்லை நடுவை நோக்கித் தள்ள வேண்டும், பிறகு பட்டரின் (பட்டிங் மட்டையின்) அடிப்பக்கத்தால் அழுத்த வேண்டும். நெம்பித் தூக்கினால் வேர் அறுந்து, அந்த இடம் காய்ந்துவிடும். தன்னுடையதோடு இன்னொருவர் விட்டுச்சென்ற ஒன்று, இதுவே எங்கள் பரிந்துரை.

மைதானமே இல்லை. வெறும் திடலில் முடியுமா?

தாராளமாக. பிளாஸ்டிக் அல்லது நுரைப் பந்து, தரையில் சுண்ணாம்பு வட்டம், மூன்று பேருக்கு ஒரு பட்டர், ஒரு குட்டை அயர்ன் (இரும்புத் தலை மட்டை). மட்டையைப் பகிர்வதால் காத்திருக்கும் பழக்கமும் வரும். பெரியவர்களின் மட்டையை அறுத்துக் கொடுப்பதைத் தவிருங்கள். நீளம் குறைந்தாலும் மட்டைத் தலையின் எடை அப்படியே இருக்கும், தண்டும் விறைப்பாகிவிடும். பிள்ளை உடலை வளைத்து ஈடுகட்டும், அந்த வளைவு பிறகு போகாது.

மகன் ஆடும்போது கூடவே நடக்கிறேன். நான் என்ன பேசலாம்? (ஒரு தந்தை)

போட்டியென்றால் வீச்சைப் பற்றி ஒன்றும் பேசாதீர்கள். தன் கேடி (மட்டைப் பை சுமந்து உதவுபவர்) அல்லாத ஒருவரிடம் ஆடும் முறை குறித்து அவன் ஆலோசனை கேட்டால் 2 அடி அபராதம் அவனுக்குத்தான். தண்ணீர் கொடுக்கலாம், தொலைந்த பந்தைத் தேட உதவலாம். அதற்கும் 3 நிமிடம்தான் அனுமதி. முடிந்ததும் முதல் கேள்வியாக "எத்தனை?" என்று கேட்காமல், "எந்த அடியை மறுபடி அடித்துப் பார்க்க ஆசை?" என்று கேளுங்கள். எண்ணை அவனே சொல்வான்.