முழங்கால் வலிக்கு அலைவரிசைக் கருவி வாங்கலாமா?

கேள்வி: அம்மாவின் முழங்கால் வலிக்கு ‘ரைஃப்’ அலைவரிசைச் சிகிச்சை செய்ய, விலை குறைந்த ஃபங்ஷன் ஜெனரேட்டர் வாங்கலாமா?
– வாசகி, கரூர்

பதில்: வேண்டாம்மா. அது சர்க்யூட்டைச் சோதிக்க, வேண்டிய அலைவரிசையில் மின் அலைகளை உண்டாக்கும் கருவி. என் ஒர்க்‌ஷாப் மேசையிலும் ஒன்று இருக்கிறது. வீட்டுக் கரன்ட்டில் ஓடுவதன் ஒயரை உடம்பில் ஒட்டிவிட்டு, உள்ளே ஏதாவது பழுதானால் ஷாக் அடிக்கும். 1930களில் அமெரிக்கர் ராயல் ரைஃப் சொன்ன அலைவரிசைகள் நோயைக் குணமாக்கும் என்பதற்கு ஆதாரமே இல்லை.

வலிக்கென்றே பேட்டரியில் ஓடும் டென்ஸ் (TENS) கருவி இருக்கிறது. தோலில் ஒட்டும் பேட் வழியாக மெல்லிய மின்துடிப்பு கொடுக்கும். சிலருக்கு வலி கொஞ்ச நேரம் குறையும். மூட்டுத் தேய்மானம் சரியாகாது. அம்மாவுக்கு பேஸ்மேக்கர் இருந்தால் அதுவும் கூடாது. முதலில் பிசியோதெரபிஸ்டிடம் காட்டி, பேட் ஒட்டும் இடத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். அப்புறம், மாற்று பேட் தனியாகக் கிடைக்கும் மாடலாகப் பாருங்கள். பசை போன பேட் ஓரம் தூக்கிக்கொண்டு, சுருக்கென்று குத்தும்.