பூட்டுப் படம் இருந்தால் போதுமா? இணையம் பற்றிக் கேள்வி பதில்

20 வருடமாக நெட்வொர்க் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். இணையமும் வலையும் (வெப்) உள்ளுக்குள் எப்படி ஓடுகின்றன என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். எந்த ரவுட்டர் வாங்கலாம், எந்தக் கம்பெனியின் இணைப்பு நல்லது என்பதற்கெல்லாம் என்னிடம் பதில் கிடையாது.

புதியவன்: அக்கா, இணையம், வலை இரண்டும் ஒன்றுதானே? எல்லோரும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள்.

சொல்கிறார்கள், ஆனால் ஒன்றில்லை. கணினிகளை ஒன்றோடொன்று பேச வைக்கும் ஏற்பாடு இணையம். அதன் மேல் ஓடும் பல விஷயங்களில் ஒன்று வலை. வயதைப் பார்த்தாலே புரிந்துவிடும். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு ஈமெயில் போனது 1971-இல். கணினிகள் பேசிக்கொள்ள இன்று நாம் பயன்படுத்தும் டிசிபி/ஐபி விதிகளுக்கு, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் என்ற அமெரிக்க நெட்வொர்க் மாறியது 1983 ஜனவரி 1 அன்று. வலை என்ற யோசனையை டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் எழுதிக் கொடுத்தது 1989 மார்ச்சில்தான். முகவரிக்கு யூஆர்எல், பக்கத்தை எழுத எச்டிஎம்எல், கேட்டு வாங்க எச்டிடிபி, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் வலை. யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று 1993 ஏப்ரல் 30-இல் செர்ன் அறிவித்தது. அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் அது ஒரு ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே முடங்கியிருக்கும் என்பது என் எண்ணம்.

தேன்மொழி: முகவரியைத் தட்டி என்டர் அழுத்துகிறேன். பக்கம் வருவதற்குள் என்ன நடக்கிறது?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

நீங்கள் தட்டுவது பெயர். கணினிகளுக்கு எண் வேண்டும், அதுதான் ஐபி முகவரி. பெயரை எண்ணாக்கித் தருவது டிஎன்எஸ். முதலில் பிரவுசர் தன் நினைவில் தேடும். இல்லையென்றால், இதற்கென்றே இருக்கும் ஒரு சர்வரிடம் கேட்கும். அதற்கும் தெரியாவிட்டால், அது உச்சியில் இருக்கும் வேர்ச் சர்வரிடம் போகும். வேர்ச் சர்வர் விடையைச் சொல்லாது. "பெயரின் கடைசியில் .ஆர்க் என்று இருக்கிறதா? அதைக் கவனிப்பவர் இவர், இவரைக் கேள்" என்று கைகாட்டிவிடும். அவரும் இன்னொருவரைக் காட்டுவார். கடைசியில் அந்தப் பெயருக்கு உரிய சர்வர் எண்ணைக் கொடுக்கும். இவ்வளவும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். ஆரம்ப காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே ஒரு கோப்பில் இருந்தது, ஆளாளுக்கு அதை நகல் எடுத்து வைத்துக்கொண்டார்கள். அது சமாளிக்க முடியாத அளவுக்கு வளர்ந்ததால்தான் 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார்.

எண் கிடைத்துவிட்டது. அடுத்து இரண்டு கணினிகளும் வணக்கம் சொல்லிக்கொள்ளும். "பேசலாமா?" "பேசலாம், நான் சொல்வது கேட்கிறதா?" "கேட்கிறது." இந்த மூன்று வார்த்தைதான் டிசிபியின் தொடக்கம். அப்புறம் இடையில் யாரும் படிக்க முடியாதபடி ரகசியச் சாவி பேசி முடிப்பார்கள். அதன் பிறகே "இந்தப் பக்கத்தைக் கொடு" என்ற கோரிக்கை போகும்.

பக்கம் முழுதாக வராது. சுமார் 1500 பைட் கொண்ட பாக்கெட்டுகளாகப் பிரிந்து வரும். 3 மெகாபைட் படம் ஒன்று 2000-க்கும் மேற்பட்ட பாக்கெட்டுகள். ஒவ்வொன்றின் தலையிலும் அனுப்புநர், பெறுநர் முகவரிகள் இருக்கும், எத்தனையாவது துண்டு என்ற குறிப்பும் இருக்கும். வழியில் உள்ள எந்த ரவுட்டருக்கும் முழுப் பாதையும் தெரியாது. அடுத்து யாரிடம் தள்ளிவிட வேண்டும் என்பது மட்டும் தெரியும். எல்லாப் பாக்கெட்டும் ஒரே வழியில் வரவேண்டும் என்றில்லை, வரிசை மாறியும் வரலாம். உங்கள் கணினி அடுக்கிப் பார்த்து, குறைவதை மறுபடி அனுப்பச் சொல்லும். அதாவது நடுவில் இருக்கும் நெட்வொர்க் வெறும் சுமைகூலி. புத்தியெல்லாம் இரண்டு முனைகளில் இருக்கிறது. இதை நினைவில் வையுங்கள், கீழே மறுபடி வரும்.

கார்த்தி: பாக்கெட் தொலைந்தால் மறுபடி வரும் என்றால் வீடியோ காலில் ஏன் முகம் உடைகிறது?

அங்கே பெரும்பாலும் டிசிபி இல்லை, யுடிபி என்ற வேறு விதி. போனது போகட்டும் என்று விட்டுவிடும். இரண்டு நொடிக்கு முந்தைய முகம் இப்போது வந்து என்ன பயன்?

மீனு: 100 எம்பிபிஎஸ் என்று சொல்லி இணைப்பு கொடுத்தார்கள். டவுன்லோட் 12-ஐத் தாண்டவில்லை. ஏமாற்றுகிறார்களா?

அது மெகாபிட். டவுன்லோட் காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட், அதனால் 8-ஆல் வகுங்கள்.

சரவணன்: முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருந்தால் அந்தத் தளம் பாதுகாப்பானதுதானே?

இல்லை. பெரிய எழுத்தில் போட முடிந்தால் போடுவேன். பூட்டு சொல்வது இவ்வளவுதான்: உங்களுக்கும் அந்த முகவரிக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. அந்த முகவரியில் உட்கார்ந்திருப்பவர் யோக்கியரா என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பூட்டு வரத் தேவையான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, திருடனும் வாங்கிவிடுவான். திருடனிடம் நீங்கள் ரகசியமாகப் பேசுகிறீர்கள், அவ்வளவுதான். பூட்டைப் பார்க்கும் முன் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

வானம்பாடி: வெளிநாட்டுத் தளங்கள் எல்லாம் சேட்டிலைட் வழியாகத்தானே வருகின்றன?

கண்டம் தாண்டும் தரவில் மிகப் பெரும்பகுதி கடலுக்கு அடியில் கிடக்கும் கேபிளில் வருகிறது. ஆழ்கடலில் அது தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் அளவு தடிமன்தான். கணக்குப் பாருங்கள். பூமியோடு சேர்ந்தே சுற்றி ஒரே இடத்துக்கு மேல் நிற்கும் புவிநிலை சேட்டிலைட் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறி இறங்கவே கால் நொடி. கேள்வி போய்ப் பதில் வர அரை நொடி. கேபிளுக்குள் இருக்கும் கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 10,000 கிலோமீட்டர் போய்த் திரும்ப நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும்.

வானம்பாடி: பழைய சேட்டிலைட்டை வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள். இப்போதையவை 550 கிலோமீட்டரில் பறக்கின்றன. வெற்றிடத்தில் ஒளி 3 லட்சம் கிலோமீட்டர் போகும், உங்கள் கண்ணாடியில் 2 லட்சம்தான். சேட்டிலைட்டுக்குச் சேட்டிலைட் லேசரில் பேசிக்கொண்டால் தூரம் அதிகமாக ஆகக் கேபிள் தோற்கும். சரியா தப்பா?

சரி. மாட்டிக்கொண்டேன். வேகத்தில் மட்டும் என்றால் நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் கொள்ளளவு? அட்லாண்டிக்கில் கிடக்கும் டுனான்ட் கேபிள் நொடிக்கு 250 டெராபிட் (ஒரு டெராபிட் 10 லட்சம் மெகாபிட்) தாங்கும்படி கட்டப்பட்டது. வானத்தில் எத்தனை சேட்டிலைட் பறக்கவிட்டால் அந்த ஒரு குழாய்க்கு ஈடாகும்?

கடல்குதிரை: நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். சுறா கடித்துத்தான் கேபிள் அறுகிறது என்கிறார்களே?

சுறாவுக்கு வந்த கெட்ட பெயர். பெரும்பாலும் மீன்பிடி வலையும் கப்பல் நங்கூரமும்தான். உலகம் முழுக்க வருடத்துக்கு 150 முதல் 200 முறை ஏதாவது ஒரு கேபிள் பழுதாகிறது. வேறு கேபிள் வழியாகப் பாக்கெட்டுகள் சுற்றிப் போய்விடுவதால் நமக்குத் தெரிவதில்லை.

வானம்பாடி: வேறு கேபிளே இல்லாத தீவுக்கு? 2022 ஜனவரியில் டோங்காவில் எரிமலை வெடித்துக் கேபிள் அறுந்தபோது யார் கைகொடுத்தது? சேட்டிலைட்!

கொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து வாரமும் அங்கே எல்லோரும் எதற்குக் காத்திருந்தார்கள்? கேபிள் சரிசெய்யும் கப்பலுக்கு. சேட்டிலைட் வழியாக அவசரத்துக்குப் பேச முடிந்தது. ஒரு நாட்டின் வழக்கமான சுமையை அதன் தலையில் ஏற்ற முடியவில்லை.

வானம்பாடி: இன்னும் 10 வருடம் கழித்துப் பேசுவோம்.

பேசுவோம். தேதி குறித்துக்கொள்ளுங்கள்.

அருள்: அணுகுண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்றுதானே இணையத்தைக் கட்டினார்கள்?

பாதி உண்மை. தாக்குதலைத் தாங்கும் நெட்வொர்க் பற்றி 1960-களில் யோசித்தவர் பால் பாரன். ஆனால் அர்ப்பாநெட் கட்டப்பட்டது விலை அதிகமான கணினிகளைப் பல இடத்து ஆராய்ச்சியாளர்கள் பகிர்ந்துகொள்ள. 1969 அக்டோபர் 29 அன்று முதல் செய்தியாக 'லாகின்' என்று அனுப்பப் பார்த்தார்கள். எல், ஓ என்ற இரண்டு எழுத்து போனதும் எதிர்முனைக் கணினி படுத்துவிட்டது. அணுகுண்டெல்லாம் தேவைப்படவில்லை.

ஜோதி: இணையத்தை ஒரே சுவிட்சில் அணைக்க முடியுமா?

மொத்தத்துக்கும் ஒரு சுவிட்ச் கிடையாது. இது பல்லாயிரம் தனித்தனி நெட்வொர்க்குகளின் கூட்டு. "இந்த முகவரிகளுக்கு என் வழியாக வாருங்கள்" என்று அவை ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும். அதற்குப் பெயர் பிஜிபி. ஆனால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளலாம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் செய்த பராமரிப்பு வேலையில் ஒரு தவறு நடந்து, அதன் டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் வழி பிஜிபியிலிருந்தே மறைந்துவிட்டது. சர்வர்கள் இருந்தன, வழி கேட்டால் சொல்ல ஆளில்லை. சுமார் 6 மணி நேரம் வாட்ஸ்அப்பும் சேர்ந்து படுத்தது.

கவின்: இன்காக்னிட்டோவில் போனால் யாருக்கும் தெரியாதா?

உங்கள் கணினிக்கு நினைவிருக்காது. மற்ற எல்லோருக்கும் இருக்கும்.

லதா: வைஃபை முழுசாகக் காட்டுகிறது, இணையம் இல்லை. எப்படி?

வைஃபை என்பது உங்கள் போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கும் சில அடி தூரம். அதற்கு அப்பால் என்ன ஆனது என்று அந்தக் கோடுகளுக்குத் தெரியாது.

பிரபு: இணையமும் வலையும் ஒன்றுதானே மேடம்?

முதல் கேள்வி.

ரவி: வைஃபை வேறு, இணையம் வேறு என்கிறார்களே?

லதாவுக்குச் சொன்ன பதில். மேலே படித்துவிட்டுக் கேளுங்கள், தயவுசெய்து.

நந்தா: நல்ல ரவுட்டர் ஒன்று சொல்லுங்களேன்.

ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன்.

செல்வி: அக்கா, பார்சல் நின்றுவிட்டது, கட்டணம் பாக்கி என்று ஒரு லிங்க் வந்தது. பூட்டுப் படம் இருக்கிறது. கார்டு எண் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். சரவணனுக்கு எழுதியதை ஒரு முறை படியுங்கள். நெட்வொர்க் யார் கொடுத்த பாக்கெட்டையும் கொண்டுபோய்ச் சேர்க்கும். யாருக்குக் கொடுக்கிறோம் என்று பார்ப்பது முனையில் இருக்கும் நம் வேலை.

செல்வி: நேற்றே கொடுத்துவிட்டேன்.

முதலில் வங்கியை அழைத்துக் கார்டை முடக்கச் சொல்லுங்கள். எண்ணை அந்தச் செய்தியிலிருந்து எடுக்காதீர்கள், கார்டின் பின்பக்கம் இருக்கும். முடித்துவிட்டு வந்து சொல்லுங்கள், அதுவரை வேறு கேள்வி எடுக்கவில்லை.

செல்வி: முடக்கிவிட்டார்கள் அக்கா.

நல்லது. மற்றவர்கள் நாளைக்கு வாருங்கள்.