6/8 டிரம் தாளில் ரெஸ்ட் குறிகள் குவிவது பற்றி

மியூஸ்ஸ்கோர் என்ற இசைக்குறிப்பு மென்பொருளில் 6/8 (ஒரு பாரில், அதாவது ஒரு தாளச் சுற்றில், ஆறு எண்ணிக்கை) டிரம் தாள் எழுதும்போது ரெஸ்ட் குறிகள் (ஒலி இல்லாத இடத்தைக் காட்டுபவை) குவிவதாகக் கேட்டிருந்தீர்கள். அவற்றை ஒவ்வொன்றாக அழிக்க வேண்டாம். காலால் அடிக்கும் பாஸ் டிரம்மையும், கையால் வாசிக்கும் ஹை-ஹாட் (இணைத் தட்டுகள்), ஸ்நேர் (சிறு டிரம்) ஆகியவற்றோடு சேர்த்து ஒரே வாய்ஸில் (தாளில் தனியாக ஓடும் நோட்டு வரிசை), நோட்டுகளின் தண்டுகள் மேல்நோக்கி இருக்கும்படி எழுதினாலே, உங்கள் மயிலாப்பூர் மெல்லிசைக் குழுவின் டிரம்மர் தடுமாறும் அந்த 6/8 பகுதி தெளிவாகிவிடும்.

மியூஸ்ஸ்கோர் பாஸ் டிரம்மை இயல்பாக இரண்டாம் வாய்ஸில் வைப்பதே பெரும்பாலும் காரணம். அந்த வாய்ஸிலும் பார் முழுவதும் நிரம்ப வேண்டும் என்பதால், அடி இல்லாத இடமெல்லாம் ரெஸ்ட் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பாஸ் டிரம் நோட்டைச் சொடுக்கிப் பாருங்கள். பச்சையாக மாறினால் அது இரண்டாம் வாய்ஸ். டிரம்செட் அமைப்பில் முதல் வாய்ஸையும் மேல்நோக்கிய தண்டையும் தேர்ந்தெடுத்து, அந்தப் பாரை மீண்டும் உள்ளிடுங்கள். ஹை-ஹாட் நோட்டுகளான ஆறு பெருக்கல் குறிகளும் (×) மும்மூன்றாக இணைந்திருக்க, முதல் குறியின் தண்டிலேயே, ஐந்து கோடுகளுக்கு இடையிலுள்ள கீழ் இடைவெளியில் பாஸ் டிரம்மும், நான்காவதில் மூன்றாம் இடைவெளியில் ஸ்நேரும் வர வேண்டும். வாசிப்பவர் எண்ணுவதும் இப்படித்தான் என்பதால், இம்முறையையே நான் உறுதியாகப் பரிந்துரைக்கிறேன்.

ஆனால், கைகள் தனியாக வாசிக்கும்போது கால் வேறொரு நடையை விடாமல் தொடரும் இடங்களில் இரண்டு வாய்ஸ் எழுத்தே தெளிவானது, அங்கு மாற்றாதீர்கள்.