கண்ணைப் பார்க்கப் பழக்கலாமா?

கேள்வி: என் 9 வயது மகனுக்கு ஆட்டிசம். பேசும்போது கண்ணைப் பார்ப்பதில்லை, கைகளை உதறுகிறான். தெரபியில் இவற்றை நிறுத்தப் பழக்கலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. பதற்றம் தணியவும், சில நேரம் சந்தோஷத்திலும் உதறுவான். அடக்கினால் பள்ளியில் அமைதியாக இருந்துவிட்டு வீட்டில் வெடிக்கக்கூடும். இப்படி மறைத்தே வளர்ந்த பலர் பெரியவர்களானபின் மனச்சோர்வோடு வருகிறார்கள். காயம் ஏற்படுத்தும் அசைவுக்கு மட்டும் மாற்று தேடுங்கள்.

இரண்டு வாரம் குறித்து வையுங்கள்: உதறுமுன் என்ன சத்தம், வெளிச்சம், கூட்டம் இருந்தது? மிக்ஸி போடுமுன் அவனிடம் சொல்லுங்கள். கண்ணைப் பார்க்க வற்புறுத்தாமல், எதிரில் அல்ல, பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். கேள்வி கேட்டால் 10 விநாடி காத்திருங்கள். நிறுத்தச் சொல்லிக் காட்ட அவனிடம் ‘போதும்’ என்று எழுதிய அட்டை ஒன்று கொடுங்கள். முக்கியமாக, அவன் அதைக் காட்டினால் தெரபிஸ்ட் பயிற்சியை நிறுத்துகிறாரா என்று பாருங்கள். நிறுத்தாதவரிடம் தொடர வேண்டாம்.